நாற்பது நிமிடத்தில் நெற்றி வலிக்கிறது. என்ன ஹெல்மெட் எடுப்பது?

மருந்துப்பை (மதுரை)

எல்லோருக்கும் வணக்கம். நான் மருந்துக் கம்பெனி ரெப். வயது 43. வாரத்தில் மூன்று நாள் மதுரையில் கிளம்பி உசிலம்பட்டி, ஆண்டிபட்டி வழியாகத் தேனி போய்த் திரும்ப வேண்டும். போக எழுபது கிலோமீட்டருக்கு மேல், வரவும் அதே தூரம். வண்டி 125 சிசி. அறுபதைத் தாண்டி அதிகம் ஓட்டமாட்டேன். கண்ணாடி போட்டவன். முன்மண்டையில் முடி போய்ப் பத்து வருடம் ஆகிறது. இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது, வலி சரியாக அந்த இடத்தில்தான்.

இதுவரை மூன்று ஹெல்மெட் பார்த்துவிட்டேன். முதலாவது வண்டி வாங்கும்போது ஷோரூமில் கொடுத்தது. அது மழைக்கு நல்ல தொப்பி, அவ்வளவுதான். இரண்டாவது முகம் முழுதும் மூடுவது, உள்ளே அளவு 620 என்று ஒட்டியிருந்தது. போட்டால் சுகம், தலையணை மாதிரி. ஆனால் ஆண்டிபட்டி கணவாயில் எதிர்க்காற்று அடித்தால் அப்படியே மேலே தூக்கும். பின்னால் வரும் லாரியைப் பார்க்கத் தலையைத் திருப்பினால் தலை மட்டும் திரும்பும், ஹெல்மெட் நேரே தேனியைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

சரி, லூஸ் கூடாது என்று மூன்றாவதாக அதே மாதிரியில் 600 எடுத்தேன். இதில் கன்னம் நன்றாகப் பிடிக்கிறது, ஆட்டம் குறைவு. ஆனால் செக்கானூரணி தாண்டும்போது நெற்றி நடுவில் ஒரு அழுத்தம் ஆரம்பிக்கிறது. உசிலம்பட்டி போவதற்குள் பின்மண்டையிலும் வலி. கழற்றிப் பார்த்தால் நெற்றியில் ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவப்பு. ஒரு டாக்டர் என்னை உட்கார வைத்து, "என்ன சார், தினமும் தொழுகையா?" என்று கேட்டார். நான் திருநீறு பூசுகிறவன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். போன மாதம் பாதி நாள் அதைப் பெட்ரோல் டேங்க் மேல் வைத்துக்கொண்டுதான் ஓட்டினேன். போலீஸ் நிற்கும் இடம் வந்தால் போடுவது, தாண்டினால் கழற்றுவது. அப்புறம் எங்கள் லைனில் இன்னொரு கம்பெனித் தம்பி நாய் குறுக்கே வந்து விழுந்தான். ஹெல்மெட் போட்டுத்தான் இருந்தான். ஆனால் விழுந்த வேகத்தில் அது கழன்று தனியாக உருண்டு போய்விட்டது. ஆள் பிழைத்துக்கொண்டான். நாடியில், அதாவது மோவாயில், பதினோரு தையல். அன்றைக்கு வீட்டில் என்னை ஒரு பார்வை பார்த்தார்கள். அதிலிருந்து டேங்க் மேல் வைப்பதை விட்டேன்.

நாலாயிரம் ரூபாய் வரை செலவு செய்யலாம். டாட் என்று ஒட்டியிருப்பதை வாங்கச் சொல்கிறார்கள், ஐஎஸ்ஐ போதும் என்றும் சொல்கிறார்கள். முகம் திறந்தது எடுத்தால் கண்ணாடிக்கு வசதியாக இருக்குமா? மறுபடி 620-க்கே போய்விடலாமா என்றும் யோசனை. நல்லது சொல்லுங்கள்.

ஜி.பி.ரோடு பழசு

தம்பி, நான் சென்னை ஜி.பி. ரோட்டில் ஒரு கடையில் பதினோரு வருடம் ஹெல்மெட் விற்றவன். இப்போது ஊரோடு வந்துவிட்டேன். 2015 ஜூலை 1 முதல் கட்டாயம் என்று ஹைகோர்ட் சொன்னதே, அதற்கு முந்தைய வாரம் கடை வாசலில் ரேஷன் கடை மாதிரிக் கூட்டம். "ஏதாவது ஒண்ணு குடுங்க" என்று வாங்கிப் போனார்கள். அளவு கேட்டவர்களை விரல் விட்டு எண்ணலாம். உங்கள் முதல் ஹெல்மெட் அந்த ஜாதி.

உங்களுக்கு அளவு தப்பில்லை என்று நினைக்கிறேன், வடிவம்தான் ஒத்துப்போகவில்லை. தலையை மேலிருந்து பார்த்தால் சிலருக்குச் சாத்துக்குடி மாதிரி உருண்டை, சிலருக்கு முன்பின்னாக நீண்டு பப்பாளி மாதிரி. பெரும்பாலானவர்கள் நடுவில். ஹெல்மெட்டின் உட்குழிவும் கம்பெனிக்குக் கம்பெனி, ஏன், ஒரே கம்பெனியில் மாடலுக்கு மாடல் மாறும். நீண்ட தலையை உருண்டைக் குழிவில் நுழைத்தால் நெற்றியும் பின்மண்டையும் மாட்டிக்கொள்ளும், காதுக்கு மேலே காற்று போக இடம் இருக்கும். நீங்கள் சொல்கிற வலி அச்சாக அதுதான். உருண்டைத் தலைக்கு நீளக் குழிவு வாய்த்தால் கண்ணுக்கும் காதுக்கும் நடுவே இருக்கும் பொட்டில் வலிக்கும்.

இப்போது உங்கள் 620 கதை புரிகிறதா? அது ஒரு அளவு பெரிது, அதனால் நெற்றி வலிக்கவில்லை. ஆனால் பக்கவாட்டில் இருக்கும் இடைவெளி அதில் இன்னும் பெரிதாகி ஆடியது. மறுபடி 620-க்குப் போனால் மறுபடி அதே கணவாய், அதே காற்று.

இன்றைக்கு ராத்திரி ஒரு வேலை செய்யுங்கள். தையல் டேப் எடுத்துப் புருவத்துக்கு ஒரு விரல் மேலே, காதுக்கு மேலே, பின்னால் மண்டை அதிகம் புடைத்திருக்கும் இடத்தில் சுற்றி அளங்கள். மூன்று தடவை அளந்து பெரிய எண்ணை வையுங்கள். அப்புறம் சுவரில் பின்மண்டை ஒட்ட நின்று, நெற்றியில் ஒரு அட்டைப் புத்தகத்தைச் செங்குத்தாக வைத்து, சுவருக்கும் புத்தகத்துக்கும் உள்ள தூரத்தை வீட்டில் யாரையாவது எடுக்கச் சொல்லுங்கள். அதே மாதிரி காதுக்கு மேலே இரண்டு பக்கமும் புத்தகம் வைத்து அகலம். இங்கே எழுதுங்கள், பார்க்கலாம்.

கடைக்குப் போகும்போது எல், எக்ஸ்எல் என்ற எழுத்தை நம்பாதீர்கள். ஒருவன் எல் என்று 58 செ.மீ. தலைக்குப் போடுவான், இன்னொருவன் 60 செ.மீ. தலைக்குப் போடுவான். உள்ளே இருக்கும் மில்லிமீட்டர் எண்ணைப் பாருங்கள். அதையும் ஆரம்பப் புள்ளியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

போட்ட பிறகு வாரை மாட்டி, ஹெல்மெட்டை இரண்டு கையாலும் பிடித்து இடம் வலம் திருப்புங்கள். நெற்றித் தோலும் கன்னமும் அதோடு சேர்ந்து இழுபட வேண்டும். ஹெல்மெட் மட்டும் வழுக்கினால் வேண்டாம். அடுத்து, தலையைக் குனிந்து பின் விளிம்பைப் பிடித்து முன்பக்கமாக உருட்டித் தள்ளச் சொல்லுங்கள். கழன்று வந்தால் அது எவ்வளவு விலையானாலும் உங்களுடையது அல்ல. அந்தத் தம்பிக்கு உருண்டு ஓடியது என்றீர்களே, கடையில் இந்த ஒரு சோதனை செய்திருந்தால் தெரிந்திருக்கும். வார் மாட்டியிருந்தானா என்பது வேறு விஷயம்.

எல்லாம் சரி என்று பட்டதும் உடனே காசு கொடுக்காதீர்கள். இருபது நிமிடம் போட்டபடியே இருங்கள். கடைக்காரர் முகம் சுளிப்பார், நானே சுளித்திருக்கிறேன். "போடப் போட லூஸ் ஆயிடும் சார்" என்பது எங்கள் தாரக மந்திரம். அதில் பாதி நிஜம். கன்னப் பஞ்சு பத்துப் பதினைந்து நாளில் கொஞ்சம் அமுங்கும், அதனால் கன்னம் சற்று இறுக்கமாக, பேசும்போது உள்கன்னம் பல்லில் லேசாக உரசுகிற மாதிரி இருந்தால் நல்லது. ஆனால் நெற்றிக்குப் பின்னால் இருப்பது தெர்மாகோல். அது உங்களுக்காக இளகாது.

தெர்மாகோல் என்றதும் ஒன்று ஞாபகம். ஒரு பெரியவர் நெற்றி வலிக்கிறதென்று வீட்டில் டீஸ்பூன் வைத்து அந்த இடத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, "இப்போ பாருப்பா, எவ்வளவு சுகம்" என்று கடையில் வந்து காட்டினார். தலையைக் காப்பாற்றுவதே அந்தத் தெர்மாகோல்தான். அடி விழும்போது அது நசுங்கி, தலை நிற்கிற நேரத்தைக் கொஞ்சம் நீட்டிக் கொடுக்கிறது. வெளி ஓடு குத்தாமல் தடுத்து அடியைப் பரப்பும். நசுங்கியது மறுபடி எழும்பாது. அதனால்தான் ஒரு தடவை விழுந்து அடிபட்ட ஹெல்மெட்டை, வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும், தூக்கிப் போட வேண்டும். சுரண்டும் யோசனை உங்களுக்கும் வந்திருக்கும். வந்திருந்தால் விட்டுவிடுங்கள்.

நைட்ரோ_கோவை

அண்ணே, ஐஎஸ்ஐ எல்லாம் வேஸ்ட். ரோட்டோரம் நூத்தம்பது ரூபாய் ஹெல்மெட்டிலேயே ஐஎஸ்ஐ ஒட்டியிருக்கு. டாட் இருந்தா கண்ணை மூடிட்டு வாங்குங்க.

ஜி.பி.ரோடு பழசு

கண்ணைத் திறந்து வாங்கலாமே தம்பி. ரோட்டோரத்தில் ஐஎஸ்ஐ ஸ்டிக்கர் ஒட்டத் தெரிந்தவனுக்கு டாட் ஸ்டிக்கர் ஒட்டத் தெரியாதா? டாட் என்பது அமெரிக்க முத்திரை. அங்கே தயாரிப்பவரே "என் ஹெல்மெட் விதிப்படி இருக்கிறது" என்று ஒட்டிக்கொள்வார், அரசாங்கம் பிறகு கடையில் வாங்கிச் சோதிக்கும். நம் ஊரில் விற்கிற ஒரு ஹெல்மெட்டில் அந்த மூன்றெழுத்து மட்டும் தனியாக இருந்தால் அதற்கு யாரும் ஜவாப்தாரி இல்லை.

இங்கே 2021 ஜூன் 1 முதல் ஐஎஸ்ஐ இல்லாத டூவீலர் ஹெல்மெட் தயாரிப்பதும் விற்பதும் சட்டப்படி குற்றம். அசல் முத்திரையில் மேலே ஐஎஸ் 4151 என்றும், கீழே சிஎம்/எல் என்று தொடங்கி ஒரு லைசென்ஸ் எண்ணும் இருக்கும். போனில், ஐஎஸ்ஐ முத்திரை கொடுக்கும் அமைப்பின் பிஐஎஸ் கேர் என்ற ஆப்பில் அந்த எண்ணை அடித்தால் யாருக்குக் கொடுத்த லைசென்ஸ், இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று வந்துவிடும். பெட்டியில் ஒரு பெயரும் ஆப்பில் வேறு பெயரும் வந்தால் நடையைக் கட்டுங்கள்.

ஐஎஸ்ஐ-யோடு சேர்த்து இசிஇ 22.06 இருந்தால் மகிழ்ச்சி. அது ஐரோப்பிய விதி. சாய்வாக அடிபடும்போது தலை திருகுவதையும் அதில் சோதிக்கிறார்கள், முந்தைய 22.05-ல் அது கிடையாது. நாலாயிரத்துக்குள் தேடினால் கிடைக்கலாம். கிடைக்காவிட்டாலும் தலைக்குப் பொருந்திய ஐஎஸ்ஐ, தலைக்குப் பொருந்தாத இசிஇ-யை விட மேல். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மருந்துப்பை (மதுரை)

அளந்தாயிற்று. சுற்றளவு 59.5 செ.மீ. நீளம் 20.5, அகலம் 15.2. வீட்டுக்காரம்மா மேலிருந்து போட்டோ எடுத்துப் பார்த்துவிட்டு, "பப்பாளி இல்லங்க, சுரைக்காய்" என்கிறார். இருபது வருடம் கழித்து இதெல்லாம் கேட்க வேண்டியிருக்கிறது.

டீஸ்பூன் யோசனை வந்தது நிஜம். நான் நினைத்தது ஸ்க்ரூ டிரைவர். முகம் திறந்ததா மூடியதா என்று யாரும் சொல்லவில்லையே?

ராத்திரி டூட்டி

சார், நான் ஒரு அரசு மருத்துவமனையில் விபத்துப் பிரிவில் செவிலியர். முகம் மூடியது எடுங்கள். உங்கள் நண்பருக்கு நாடியில் தையல் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஜெர்மனியில் டீட்மர் ஓட்டே என்பவர் விபத்தில் சிக்கிய ஹெல்மெட்டுகளில் எங்கெங்கே அடிபட்டிருக்கிறது என்று வரைபடம் போட்டார். மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் நாடிப் பகுதியில். நாங்கள் பார்ப்பதும் அதுதான்: மண்டை தப்பித்திருக்கும், தாடை இரண்டாகியிருக்கும், ஆறு வாரம் கஞ்சியும் ஜூஸும் ஸ்ட்ரா வைத்துக் குடிக்க வேண்டும். இரவு எட்டு மணிக்கு வரும் கேஸ்களில் ஹெல்மெட் கையில் மாட்டியபடி வருபவர்கள் தனி ரகம். முழங்கை மட்டும் பத்திரமாக இருக்கும்.

வார் பற்றி இரண்டு வார்த்தை. பழசு ஐயா தொட்டுவிட்டு நகர்ந்துவிட்டார். பலர் கிளிப் மாட்டுகிறார்கள், ஆனால் வார் கழுத்தில் மாலை மாதிரித் தொங்குகிறது. வாரை நாடிக்கடியில் இறுக்கியபின் இரண்டு விரல் நுழையலாம், மூன்றாவது நுழையக் கூடாது. வாயை அகலத் திறந்தால் ஹெல்மெட் உச்சந்தலையை அழுத்துவது தெரிய வேண்டும். பல் பல்லாக நகரும் கிளிப் என்றால் ஒவ்வொரு தடவையும் இறுக்கத்தைச் சரி செய்வது சுலபம். வாரை இரண்டு வளையத்தில் கோர்த்து இறுக்கும் இரட்டை வளையமும் நல்லதுதான், ஆனால் ஒரு நாளைக்குப் பத்து டாக்டர் பார்க்கும் நீங்கள் பத்துத் தடவை வளையத்தில் கோர்க்கமாட்டீர்கள். எனக்குத் தெரியும்.

இன்னொன்று, கேட்காவிட்டாலும் சொல்கிறேன். ரோட்டில் யாராவது விழுந்து மயங்கிக் கிடந்தால் முதல் காரியமாக ஹெல்மெட்டைப் பிடுங்காதீர்கள். கழுத்து எலும்பு முறிந்திருந்தால் அந்த ஒரு இழுப்பில் கைகால் விளங்காமல் போகலாம். வைசரை மேலே தூக்கிவிட்டு மூச்சு வருகிறதா என்று பாருங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள், தலையை அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். மூச்சே வரவில்லை, வாந்தி அடைக்கிறது என்றால் மட்டும் கழற்ற வேண்டும். அப்போதும் ஒருவர் கழுத்தையும் தாடையையும் கீழிருந்து தாங்க, இன்னொருவர் வாரை அவிழ்த்து நேராக, மெதுவாக உருவ வேண்டும்.

நாலு கண்ணு நாகர்கோவில்

கண்ணாடிக்காரன் கட்சியிலிருந்து ஒரு ஓட்டு. கடைக்குப் போகும்போது தினமும் போடும் கண்ணாடியோடு போங்கள். ஹெல்மெட்டை மாட்டிவிட்டுக் கண்ணாடியை நுழைக்கும்போது காம்பு பொட்டில் குத்தினால், அதே வலி நெற்றியை விட்டு இங்கே குடிவரும். கன்னப் பஞ்சுக்கு மேலே காம்புக்கென்று சில மாடல்களில் ஒரு பள்ளம் விட்டிருப்பார்கள். காம்பு காதுக்குப் பின்னால் வளைந்து இறங்காமல் நேராக இருந்தால் நுழைப்பது சுலபம். ஓட்டுவதற்கென்றே நான் அப்படி ஒன்று வைத்திருக்கிறேன்.

முன்பாகம் மேலே திறக்கும் மாடலும் இருக்கிறது. கண்ணாடியைக் கழற்ற வேண்டாம், டீ குடிக்கலாம், மருந்துக் கடைக்காரரிடம் முகத்தைக் காட்டலாம். நான் நாலு வருடம் அதுதான் போட்டேன். எடை கூடுதல், கீல் இருப்பதால் காற்றுச் சத்தமும் கூடுதல். நாடிப் பாகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஓட்டினால் அது முகம் திறந்த ஹெல்மெட்தான், அதையும் மறக்காதீர்கள். ஒரு நாளைக்கு நூற்றைம்பது கிலோமீட்டர் என்றால் எடை சாயங்காலம் கழுத்தில் தெரியும். கடையில் இரண்டையும் கையில் தூக்கிப் பார்க்க வேண்டாம், தலையில் வைத்துப் பாருங்கள்.

வைசர் கறுப்பு வேண்டாம். ராத்திரி திரும்பி வருகிறீர்கள். கீறல் விழுந்தால் மாற்றிவிடுங்கள், எதிரே வரும் பஸ் லைட் அந்தக் கீறலில் சிலந்தி வலை மாதிரிப் பரவும். துடைக்கப் பெட்ரோல், தின்னர் கூடாது, சோப்புத் தண்ணீர் போதும். மழையில் உள்ளே ஆவி பிடித்தால் வைசரை ஒரு பல் திறந்து வையுங்கள். ஆவி பிடிக்காத பின்லாக் தகடு மாட்டும் வசதி இருந்தால் அந்தக் காசு வீண் போகாது. வேர்வைக்கு உள்ளே மெல்லிய பருத்தித் துணி கட்டலாம். ஆனால் அதையும் கட்டிக்கொண்டுதான் கடையில் அளவு பார்க்க வேண்டும், ஒரு மடிப்பு நெற்றியில் நின்றாலும் மறுபடி சிவப்பு நாணயம்தான்.

மருந்துப்பை (மதுரை)

ஒன்பது நாள் கழித்து எழுதுகிறேன். மன்னிக்கவும், மாதக் கடைசி.

ஞாயிற்றுக்கிழமை மூன்று கடை ஏறினேன். முதல் கடையில் இருபது நிமிடம் போட்டுப் பார்க்கிறேன் என்றதும், "சார், இது துணிக்கடை இல்லை" என்று வாங்கி உள்ளே வைத்துவிட்டார். இரண்டாவதில் சிஎம்/எல் எண்ணை ஆப்பில் அடித்தேன். வேறு ஊர், வேறு கம்பெனிப் பெயர் வந்தது. காட்டினேன். "சர்வர் பிரச்சினை" என்றார். நடையைக் கட்டினேன்.

மூன்றாவது கடையில் ஒரு சின்னப் பையன், பத்தொன்பது வயது இருக்கும். அவனிடம் நெற்றிச் சிவப்பைக் காட்டி, "முன்பின் இடம் அதிகமா இருக்கிறது வேணும்" என்று மட்டும் சொன்னேன். புரிந்துகொண்டு ஏழு மாடல் இறக்கினான். நாலு போட்ட உடனேயே நெற்றியில் தட்டியது. ஐந்தாவது பொட்டில் காம்பு குத்தியது. ஆறாவதில் தலையை உள்ளே விட்டதும் ஒன்றும் தோன்றவில்லை. வலியும் இல்லை, சுகமும் இல்லை. ஹெல்மெட் போட்டால் ஒன்றும் தோன்றாமல் இருக்கலாம் என்பதே எனக்குப் புது விஷயம். 600 அளவு. பையன் பின்னாலிருந்து உருட்டிப் பார்த்தான், என் புருவம்தான் இழுபட்டதே தவிர அது நகரவில்லை. போட்டபடியே வாசலில் நின்று ஸ்ட்ரா வாங்கி ரோஸ் மில்க் குடித்தேன். தெருவே பார்த்தது. இருபத்தைந்து நிமிடம் கழித்துக் கழற்றினால் நெற்றி முழுவதும் லேசான ஒரே நிறம், நடுவில் நாணயம் இல்லை. முன்பாகம் திறக்காத சாதா மாடல். பல் கிளிப். 3,650 ரூபாய். ஐஎஸ்ஐ எண் சரியாக வந்தது, இசிஇ இல்லை.

இரண்டு தடவை தேனி போய்வந்துவிட்டேன். இடது கன்னம் மட்டும் இன்னும் இறுக்கம், சிக்னலில் தொண்டையைச் செருமினால் பல்லில் படுகிறது. பழசு அண்ணன் சொன்ன பதினைந்து நாள் பார்க்கிறேன். கணவாயில் காற்று அடித்தபோது திரும்பி லாரியைப் பார்த்தேன். முழு லாரியும் தெரிந்தது.

பழைய 600-ஐ மச்சான் கேட்டான். அவன் தலை சாத்துக்குடிதான். விழாதது, இரண்டு வருடப் பழசு. கொடுக்கலாமா? அப்புறம் வீட்டுக்காரம்மாவும் பின்னால் உட்கார்ந்து வருகிறார், அவருக்கு அளந்தால் 55. ஆனால் கொண்டை போட்டு அதைச் சுற்றி ஒரு முழம் மல்லிகைப்பூ. இதற்கு மேல் எந்த ஹெல்மெட் உட்காரும்?

ஜி.பி.ரோடு பழசு

விழாதது என்றால் கொடுங்கள். கீழே போட்டதும் இல்லையே? உள்ளே தயாரித்த மாதம், வருடம் ஒட்டியிருக்கும், அதிலிருந்து ஐந்து வருடம் என்று கணக்கு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மச்சானும் தலையில் போட்டு உருட்டிப் பார்த்த பிறகுதான். பூ விஷயம் எனக்குத் தெரியாது, செவிலியரம்மா சொல்லட்டும்.

ராத்திரி டூட்டி

கொண்டை போட்டால் ஹெல்மெட் முன்பக்கம் சரிந்து நெற்றியை மறைக்கும், இல்லையென்றால் பின்னால் தூக்கி நிற்கும். இரண்டும் ஆபத்து. கழுத்துக்குக் கீழே வருகிற மாதிரித் தளர்வாகச் சடை பின்னிக்கொள்ளச் சொல்லுங்கள், சடையை ரவிக்கைக்குள் விட்டுக்கொண்டால் காற்றில் சிக்காது. தலையை அளக்கும்போதும் கடையில் போட்டுப் பார்க்கும்போதும் அதே சடையோடு இருக்கட்டும். பூவை வாழை இலையில் சுற்றி டிபன் டப்பாவில் போட்டுக் கொண்டுபோய், இறங்கியதும் வைத்துக்கொள்ளலாம். நான் பதினாறு வருடமாக அப்படித்தான் டூட்டிக்கு வருகிறேன், வாடுவதில்லை.